பங்காளியும் கைமாற்றும்: ஐரோப்பிய மொழிகளின் சொற்கணக்கு



வியாபாரம் செய்கிறவனுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் பணத்தில் பரம்பரையாக வந்தது எவ்வளவு, கைமாற்றாக வாங்கியது எவ்வளவு என்பதுதான் அது. கையில் எடுத்தால் எல்லாம் ஒரே நோட்டுதான். ஆனால் பேரேட்டில் இரண்டும் வேறு வேறு பக்கம். மொழிகளில் இருக்கும் சொற்களுக்கும் இதே கணக்கு உண்டு.

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரியான சொல் இருந்தால் அதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதாவது பங்காளி உறவு. இரண்டு, ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கியது, அதாவது கைமாற்று. மூன்று, வெறும் தற்செயல். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மொழிச் சண்டைகள் வருகின்றன.

நம் சங்கத்துக் கூட்டங்களில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். உலக மொழிகள் எல்லாமே தமிழிலிருந்து போனவை, இங்கிலீஷில் 'ஒன்', 'எயிட்' என்று சொல்வதே சாட்சி என்பது ஒன்று. நம்ம பிள்ளைகள் பேச்சில் வங்காளியும் இந்தியும் இங்கிலீஷும் கலந்துவிட்டது, தமிழ் கெட்டுப்போச்சு என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பதில் ஐரோப்பிய மொழிகளின் வரலாற்றில் இருக்கிறது. அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கணக்கை உட்கார்ந்து எழுதி, சரிபார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது. கடை அடைத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை, எனக்குத் தெரிந்த கடைக்கணக்கு பாஷையில் சொல்கிறேன்.

முதலில் பார்த்தவர் ஒரு வியாபாரி

இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துக்காரர் பிலிப்போ சாசெட்டி. 1583-இல் மிளகு வாணிகத்துக்காக இந்தியா வந்து, கொச்சியிலும் கோவாவிலும் இருந்து, 1588-இல் கோவாவிலேயே காலமானார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வியப்பைச் சொல்கிறார். சமஸ்கிருதத்தில் ஏழு 'சப்த', அவர் மொழியில் 'செத்தே'. ஒன்பது 'நவ', அவர் மொழியில் 'நோவே'. பாம்பு 'சர்ப்ப', அங்கே 'செர்ப்பே'. தெய்வம் 'தேவ', அங்கே 'தியோ'. சரக்கை உரசிப் பார்த்து ஒற்றுமை கண்டுபிடிக்கிற கண் அது. ஆனால் ஏன் இப்படி என்று அவர் காரணம் சொல்லவில்லை.

1767-இல் புதுச்சேரியில் இருந்த கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் மூன்றுக்கும் உள்ள உறவைப் பற்றி பாரிஸுக்கு எழுதினார். அது 1808 வரை அச்சாகவில்லை. பெயர் வாங்கியவர் நம்ம கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ். 1786 பிப்ரவரி 2-ஆம் தேதி ஆசியச் சங்கத்தில் பேசும்போது, இந்த மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை, அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். சமஸ்கிருதம் தாய் என்று அவர் சொல்லவில்லை; அதையும் பிள்ளைகளில் ஒன்றாகவே வைத்தார். இது முக்கியம். இன்றும் பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

பங்காளியை எப்படி அடையாளம் காண்பது?

முகச்சாயல் மட்டும் போதாது. சாயல் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரவேண்டும். லத்தீனின் பிள்ளைகளைப் பாருங்கள். பால், எட்டு, இரவு என்ற மூன்று சொற்களை அதே வரிசையில் தருகிறேன்.

லத்தீன்: லக்தே, ஒக்தோ, நொக்தே
இத்தாலியம்: லாத்தே, ஓத்தோ, நோத்தே
ஸ்பானியம்: லேச்சே, ஓச்சோ, நோச்சே
ருமேனியம்: லாப்தே, ஓப்த், நோவாப்தே

லத்தீனில் 'க்த' இருக்கும் இடத்தில் இத்தாலியத்தில் 'த்த', ஸ்பானியத்தில் 'ச்ச', ருமேனியத்தில் 'ப்த'. ஒரு சொல்லில் மட்டும் இருந்தால் தற்செயல் என்று தள்ளலாம். வரிசையாக வந்தால் அது பரம்பரை. இன்றைக்கு நம் பிள்ளைகள் காபிக் கடையில் கேட்கிற 'லாத்தே' வெறும் பால்தான் என்பதையும் இதோடு சொல்லிவிடலாம்.

இந்தப் பிள்ளைகள் பிறந்தது புத்தக லத்தீனிலிருந்து அல்ல. சிப்பாயும் சந்தைக்காரரும் பேசிய லத்தீனிலிருந்து. எங்கள் சமண ஆகமங்கள் பிராகிருதத்தில் இருப்பதால் எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. சமஸ்கிருதத்தில் 'சப்த', பிராகிருதத்தில் 'சத்த', இந்தியில் 'சாத்'. அங்கே லத்தீனில் 'செப்தெம்', இத்தாலியத்தில் 'செத்தே'. இரண்டு நாட்டிலும் ஜனங்களின் நாக்கு ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

இனி இங்கிலீஷுக்கு வருவோம். லத்தீனில் 'ப' தொடங்கும் இடத்தில் இங்கிலீஷில் 'ஃப' வரும். லத்தீன் 'பாட்டெர்', இங்கிலீஷ் 'ஃபாதர்'. 'பிஸ்கிஸ்', 'ஃபிஷ்'. 'பெஸ்', 'ஃபுட்'. அதேபோல லத்தீன் 'க' இங்கிலீஷில் 'ஹ' ஆகும். கொம்புக்கு 'கோர்னு', 'ஹார்ன்'. இதயத்துக்கு 'கோர்', 'ஹார்ட்'. நூறுக்கு 'கென்டும்', 'ஹண்ட்ரட்'. 1818-இல் டென்மார்க்கின் ராஸ்க்கும் 1822-இல் ஜெர்மனியின் யாக்கோப் கிரிம்மும் இந்த ஒழுங்கை எழுதிவைத்தார்கள். நம் எழுத்தில் வேறுபாடு காட்ட முடியாத மாற்றங்களும் இதில் உண்டு, அவற்றை விட்டுவிடுகிறேன்.

இது ஏதோ வெள்ளைக்காரன் வித்தை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் இருந்தவர்களுக்கு இது காதாலேயே தெரியும். நம் பால் அங்கே 'ஹாலு', பத்து 'ஹத்து', பல் 'ஹல்லு', புலி 'ஹுலி'. தமிழில் 'ப' என்றால் கன்னடத்தில் 'ஹ'. ஆனால் 'புஸ்தக' என்பதையும் 'பூஜெ' என்பதையும் கன்னடக்காரர் 'ஹுஸ்தக', 'ஹூஜெ' என்று சொல்வதில்லை. ஏன்? அவை வடமொழியிலிருந்து வாங்கியவை. பரம்பரைச் சொல் அந்த மாற்றத்தை அனுபவித்தது. கைமாற்றுச் சொல் அனுபவிக்கவில்லை.

இங்கிலீஷிலும் இதே உரைகல்தான். 'ஃபாதர்' பாட்டன் சொத்து, 'பேட்டர்னல்' வாங்கினது. 'ஃபுட்' பாட்டன் சொத்து, 'பெடல்' வாங்கினது. 'ஹார்ட்' சொந்தம்; 'கார்டியல்' கைமாற்று. கிரிக்கெட்டில் 'ஹண்ட்ரட்' அடித்தாலும் 'செஞ்சுரி' அடித்தாலும் ஸ்கோர் ஒன்றுதான். ஆனால் முதல் சொல் வீட்டில் பிறந்தது, இரண்டாவது லத்தீன் கடையில் எடுத்த சரக்கு.

ஒரு பார்வையில் குடும்பங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் 24 ஆட்சி மொழிகள். அவற்றில் பெரும்பாலானவை சில குடும்பங்களில் அடங்கும். இங்கிலீஷ், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் முதலியவை ஜெர்மானியக் கிளை. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துகீசியம், ருமேனியம் லத்தீன் கிளை. போலிஷ், செக், பல்கேரியம் ஸ்லாவியக் கிளை. ஒன்றியத்துக்கு வெளியே ரஷ்ய மொழியும் அதே கிளைதான். ஐரிஷ் கெல்டிக் கிளை. லித்துவேனியமும் லாட்வியமும் பால்டிக் கிளை. கிரேக்கம் தனிக்கிளை. இவை எல்லாம் சேர்ந்து இந்தோ-ஐரோப்பியப் பெருங்குடும்பம். நம் பக்கத்து வீட்டு வங்காளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதாவது வங்காளிக்கு ரஷ்ய மொழி தூரத்துப் பங்காளி. தமிழ் அப்படி அல்ல. நம் தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816-இல் சென்னையில் எல்லிஸ் காட்டினார். 1856-இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார்.

ஐரோப்பாவிலும் வெளிக்குடும்பத்தார் உண்டு. பின்னிஷ், எஸ்தோனியம், ஹங்கேரியம் மூன்றும் வேறொரு குடும்பம். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் பேசும் பாஸ்க் மொழிக்கு உறவென்று சொல்ல யாரும் அகப்படவில்லை. மால்டா தீவின் மொழி அரபுவழி வந்தது. ஆனால் அதன் சொற்களில் பாதியளவு இத்தாலிய, சிசிலியச் சரக்கு.

கைமாற்றுக் கணக்கு

இப்போது கடன் பக்கத்தைப் புரட்டுவோம். இங்கிலீஷ் போலக் கடன் வாங்கிய மொழி குறைவு. 5-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் கொண்டுவந்த மொழி அது. 8-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வடக்கே இருந்து வைக்கிங்குகள் வந்தார்கள். அவர்களிடமிருந்து 'ஸ்கை', 'எக்', 'நைஃப்', 'விண்டோ' எல்லாம் வந்தன. 'அவர்கள்' என்று சொல்லும் 'தே' கூட அவர்கள் கொடுத்ததுதான். ஒரு மொழி அவர்கள், இவர்கள் என்ற சொல்லையே வாங்குமா? வாங்கியிருக்கிறது.

துணிக்கடைக்காரனுக்குப் பிடித்த ஜோடி ஒன்று சொல்கிறேன். 'ஷர்ட்' இங்கிலீஷ்காரர் சொந்தச் சொல். 'ஸ்கர்ட்' வைக்கிங் சொல். இரண்டும் ஒரே வேர். இங்கிலீஷில் 'ஸ்க' என்பது 'ஷ' ஆகிவிட்டது. வடக்கே மாறாமல் இருந்தது. பிரிந்துபோன அக்காள் தங்கை ஒரே அலமாரியில் வந்து சேர்ந்த கதை இது. மற்றத் துணிகளோ ஊர்ப்பெயரோடு வந்தவை: 'காலிகோ' நம் கோழிக்கோடு, 'மஸ்லின்' ஈராக்கின் மோசுல், 'ஜீன்ஸ்' இத்தாலியின் ஜெனோவா.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு அரசவையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சு நடந்தது. மாடு மேய்ப்பவன் சொன்ன 'கௌ' மேசைக்கு வந்ததும் 'பீஃப்' ஆனது இப்படித்தான். புலால் பேச்சு எனக்குப் பழக்கமில்லை, அதனால் இதோடு விடுகிறேன். ஆனால் மாட்டை விட முடியாது. அதில் வியாபாரக் கணக்கு இருக்கிறது.

லத்தீனில் தலைக்கு 'கபுத்'. அதிலிருந்து தலையாய சொத்து என்ற பொருளில் 'கபிதாலே'. இந்த ஒரு சொல்லை இங்கிலீஷ் மூன்று முறை வாங்கியது. நார்மானியர் வழியாக வந்தது 'கேட்டில்', கால்நடை. பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சு வழியாக வந்தது 'சாட்டல்', அசையும் சொத்து. புத்தகம் வழியாக வந்தது 'கேப்பிடல்', நாம் கடையில் போடும் முதல். தமிழிலும் 'முதல்' என்றால் தொடக்கம், மூலதனம் இரண்டுமே. மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் குறளிலேயே உண்டு. மனுஷன் எங்கும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறான். இதில் பங்காளி உறவும் இல்லை, கைமாற்றும் இல்லை.

பங்காளி உறவு எது என்று கேட்டால், சமஸ்கிருதத்தின் 'பசு', லத்தீனின் 'பெகூ', ஜெர்மனியின் 'ஃபீ'. மூன்றும் கால்நடை. 'ப', 'ஃப' ஒழுங்கு இங்கேயும் நிற்கிறது பாருங்கள். நம் தமிழில் 'ஆ' சொந்தம். 'பசு' வடமொழியில் வாங்கியது. ஒரே மாட்டைக் கட்டிவைத்து மூன்று பக்கக் கணக்கையும் எழுதிவிடலாம்!

கடன் சில சமயம் வட்டம் போட்டுத் திரும்பும். தினமும் கடையில் 'வாரண்டியா, கேரண்டியா' என்று கேட்கிறோம். இரண்டும் ஒரே சொல். நார்மானியர் நாக்கில் 'வ', பாரிஸ் பக்கத்தில் 'க'. அந்தச் சொல்லோ பிரெஞ்சுக்காரர் தங்கள் நாட்டுக்குப் பேர் கொடுத்த ஜெர்மானியப் பிராங்குகளிடம் வாங்கியது. தன் பங்காளி வீட்டுப் பாத்திரத்தை அடுத்த தெருக்காரரிடம் இரண்டு தரம் விலை கொடுத்து வாங்கிய கதை.

கடன் வாங்கியவனே பொருளைப் பத்திரமாக வைத்திருப்பதும் உண்டு. அரசனுக்குப் பழைய ஜெர்மானியத்தில் 'குனிங்கஸ்' என்ற வடிவம் இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். இன்று இங்கிலீஷில் அது 'கிங்', ஜெர்மனில் 'கோனிக்', சுவீடிஷில் 'குங்'. கொடுத்தவர்கள் எல்லாம் தேய்த்துவிட்டார்கள். வாங்கிய பின்னிஷ் மொழியில் இன்றும் 'குனிங்காஸ்'. அடகு வைத்த நகையைச் சேட்டு கீறல் படாமல் வைத்திருந்தது போல. அதே பின்னிஷ் மொழியில் அம்மாவுக்கு 'ஐதி' என்பார்கள். அதுவும் ஜெர்மானியரிடம் வாங்கினதே. நூறுக்கு 'சதா', நம் வடமொழிச் 'சதம்' இருக்கும் கிளையிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. அம்மா என்ற சொல்லையே வெளியில் வாங்கிய பின்னும் அது பின்னிஷாகத்தான் இருக்கிறது. வேற்றுமை உருபும் வினைமுடிபும் அதன் சொந்தம்.

நாமும் ஐரோப்பாவிடம் வாங்கியவர்களே. ஜன்னல், அலமாரி, சாவி, மூன்றும் போர்த்துகீசியம். வங்காளிக்காரரும் ஜானாலா, ஆல்மாரி, சாபி என்கிறார். அதனால் நாமும் அவரும் பங்காளி ஆகிவிடவில்லை. ஒரே கப்பலில் சரக்கு எடுத்த இரண்டு கடைக்காரர்கள், அவ்வளவுதான்.

தற்செயல் என்ற பொறி

இங்கிலீஷ் 'மச்', ஸ்பானியம் 'முச்சோ'. இரண்டுக்கும் 'நிறைய' என்றுதான் பொருள், உறவு கிடையாது. இங்கிலீஷ் 'டே', லத்தீன் 'தியேஸ்', இரண்டும் நாள், உறவு கிடையாது. ஜெர்மன் 'ஹாபென்', லத்தீன் 'ஹபேரே', இரண்டும் வைத்திருப்பது. இதற்கும் உறவு கிடையாது. லத்தீனில் 'க' இருந்தால்தானே ஜெர்மனில் 'ஹ' வரவேண்டும்? இரண்டு பக்கமும் 'ஹ' இருப்பதே சந்தேகத்துக்கு இடம்.

இப்போது நம் 'ஒன்று', 'எட்டு' வழக்கை எடுப்போம். இங்கிலீஷ் 'ஒன்' பழங்காலத்தில் 'ஆன்'. லத்தீனில் 'ஊனுஸ்', ஜெர்மனில் 'ஐன்'. இன்றைய உச்சரிப்பு பின்னால் வந்தது. பழைய ரசீதைப் பார்த்தால் ஒற்றுமை மறைந்துவிடுகிறது. 'எயிட்' பழைய இங்கிலீஷில் 'எஅஹ்தா', லத்தீனில் 'ஒக்தோ', வடமொழியில் 'அஷ்ட'. நம் எட்டின் வேர் 'எண்'. எண்பது, எண்ணூறு என்று சொல்கிறோமே, அதில் வேர் வெளியே தெரிகிறது. 'எண்' எங்கே, 'ஒக்தோ' எங்கே?

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நான் தமிழைக் குறைத்துச் சொல்லவில்லை. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதும், சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனதும் ரசீதோடு நிரூபித்த வரவு. இவற்றை எவரும் மறுக்க முடியாது. ஆனால் பேரேட்டில் பத்துப் பொய் வரவு எழுதினால், தணிக்கைக்காரர் உண்மையான மூன்று வரவையும் சந்தேகப்படுவார். தமிழின் பெருமைக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை.

எது மொழியைக் கொல்கிறது?

இனி இரண்டாவது பேச்சு. கலப்பினால் மொழி அழியுமா?

இங்கிலீஷ் அகராதியில் பாதிக்கு மேல் பிரெஞ்சும் லத்தீனும் கொடுத்த சொற்கள். ஆனால் ஒரு நாளில் அதிகமாகப் புழங்கும் நூறு சொற்களை எடுத்தால் ஏறத்தாழ எல்லாமே பழைய ஜெர்மானியச் சொற்கள். கடை முழுக்க வெளிச்சரக்கு. அடுப்படியும் திண்ணையும் சொந்தம். அதனால் அது பிழைத்தது.

இதற்கு எதிரான கதை அட்ரியாட்டிக் கடலோரத்தில் நடந்தது. அங்கே லத்தீனின் இன்னொரு பிள்ளையாக டால்மேஷியன் என்ற மொழி இருந்தது. அக்கம்பக்கத்தில் ஸ்லாவிய மொழியும், வாணிகத்திலும் ஆட்சியிலும் வெனிஸ் நகரத்து மொழியும் ஓங்கின. 1897-இல் பார்த்தோலி என்ற அறிஞர் இன்று குரோவேஷியாவில் உள்ள கிர்க் தீவுக்குப் போனார். அம்மொழி தெரிந்தவர் தூவோனே உதைனா என்ற ஒரே முதியவர். காது மந்தம், பல் இல்லை, அந்த மொழியில் பேசி இருபது ஆண்டு ஆகியிருந்தது. அவருக்குமே அது தாய்மொழியாகக் கற்றுக்கொடுக்கப்பட்டதல்ல. பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. 1898 ஜூன் 10 அன்று சாலை வேலையில் நடந்த வெடிவிபத்தில் அவர் இறந்தார். ஒரு மொழி அன்றோடு முடிந்தது.

இன்னொரு கதை நம்மைப் போல ஊர்விட்டு ஊர்போன மக்களுடையது. ஐரோப்பாவின் ரோமா மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள். அவர்கள் மொழி இந்திய மொழி என்பதை 1782-இல் ருடிகர் என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். அவர்கள் எண்ணுவதைக் கேளுங்கள். ஏக், துய், த்ரின் என்று ஒன்று முதல் ஆறு வரை நம் நாட்டுச் சரக்கு. ஏழு 'எஃப்தா', எட்டு 'ஒஹ்தோ', ஒன்பது 'எஞா', மூன்றும் கிரேக்கம். பத்து மறுபடி 'தேஷ்', நம் நாடு. போன வழியெல்லாம் எந்த ஊரில் தங்கினார்கள் என்பதற்கு அந்த எண்களே சுங்கச்சீட்டு. அவர்களுக்கு அரசு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, துரத்தப்பட்ட இடங்கள் அதிகம். பல நாடுகளில் அந்த மொழி தேய்ந்துதான் போயிற்று. என்றாலும் பல லட்சம் பேர் இன்றும் அதைப் பேசுகிறார்கள். காரணம், அந்த வீடுகளில் தாத்தா பாட்டி பிள்ளைகளோடு பேசியது அந்த மொழியில்தான்.

டால்மேஷியன் தன் சொந்த மண்ணில் செத்தது. ரோமானி அந்நிய மண்ணில், கடன் மேல் கடன் வாங்கிக்கொண்டு பிழைத்தது. வித்தியாசம் கடனில் இல்லை. பிள்ளையிடம் பேசினார்களா, பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று தங்களுக்குள் பேசினார்களா என்பதில்தான் வித்தியாசம்.

நம் வீடுகளில் பல இடங்களில் என்ன நடக்கிறது? கணவனும் மனைவியும் பண விஷயம், மாமியார் விஷயம் என்றால் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை பக்கத்தில் வந்ததும் இங்கிலீஷுக்கோ இந்திக்கோ மாறிவிடுகிறார்கள். கிர்க் தீவில் உதைனாவின் வீட்டிலும் இதுதான் நடந்தது.

ஆகவே உங்கள் பேரன் "தாத்தா, ஜானாலாவை மூடு" என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள். ஜன்னலும் நம்முடையதல்ல, ஜானாலாவும் வங்காளிக்காரருடையதல்ல. இரண்டும் போர்த்துகீசியக் கைமாற்று. 'மூடு' என்பது நம்முடையது, 'ஐ' என்ற உருபும் நம்முடையது. 'தாத்தா' என்று கூப்பிட்டானே, அது போதும். பதிலை மட்டும் தமிழிலேயே சொல்லுங்கள். கடன் வாங்கின கடை நடந்துகொண்டிருக்கும். முதலைப் பிள்ளை கையில் கொடுக்காத கடைதான் மூடும்.